சத்தம் போடாமல் வரவும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, நகரின் தென்கோடியில் நண்பர் ஒருவர் வீட்டு மொட்டைமாடியில் பதினெட்டுப் பேர் கூடியிருந்தோம். எழுத்தாளரின் கருத்துச் சுதந்திரத்தை வலியுறுத்தும் அறிக்கை ஒன்றை இறுதிசெய்து கையெழுத்திடுவது கூட்டத்தின் நோக்கம். 'மாதொருபாகன்' விவகாரமும் 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் பெருமாள்முருகனுக்குச் சார்பாக அளித்த தீர்ப்பும் வழக்கம்போல் நினைவுகூரப்பட்டன. அரை மணி நேரம் தாமதமாக வந்த நண்பர் ஒருவர் (நல்ல விமர்சகர், பழகுவதற்கும் இனியவர்) நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சொன்னார்: "தாம்பரத்துலேருந்து ட்ரெயின்ல நிம்மதியா ஒரு பக்கம் படிக்க முடியல சார். ஒருத்தர் ஸ்பீக்கரைத் தோள்ல மாட்டிக்கிட்டுப் பாடறார், இன்னொருத்தர் சமோசா விக்கிறார், நாலு பேர் உரக்க அரசியல் பேசறாங்க. இதையெல்லாம் மொத்தமா தடை பண்ணணும்."

எல்லோரும் தலையசைத்தார்கள். நாமும் அசைத்தோம். பத்து நிமிடம் கழித்து அதே நண்பர் எழுந்து, தடை என்கிற சொல்லே நாகரிகச் சமூகத்திற்கு இழுக்கு என்று மிகச் சிறப்பாகப் பேசினார். அதற்கும் கைதட்டினோம்.

இரவு வண்டியில் திரும்பும்போதுதான் உறைத்தது. அந்த மாடியில் பேசப்பட்ட சுதந்திரம் அச்சடித்த தாளுக்கு உரியது, ஐ.எஸ்.பி.என். எண் வாங்கியது; பின்னட்டையில் ஆசிரியர் படம் போட்டது. வாயிலிருந்து வருவதும், வண்டிக்குள் ஒலிப்பதும், படிக்காதவன் பேசுவதும் நமக்குக் கருத்தாகத் தெரிவதில்லை, சத்தமாகத் தெரிகிறது. நம் நகரத்தில் அன்றாடம் மிக அதிகமான அந்நியர்கள் தோளோடு தோள் உரசி ஒருவர் சொல்லை மற்றவர் கேட்க நேரும் இடம் பேருந்தும் மின்தொடர் வண்டியும்தான். அந்த இடத்தில் யார் எழுதலாம், யார் பேசலாம் என்பதை அரசும் வணிகரும் தீர்மானித்து முடித்துவிட்டார்கள். அதற்கு ஒப்புதல் கையெழுத்து இட்டவர்களில் இலக்கியவாதிகளும் உண்டு என்பதே நம் குற்றச்சாட்டு. ('நாம்' என்பது இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் இதை எழுதும் ஒருவரையே குறிக்கும். சில இடங்களில் உங்களையும் சேர்த்துத்தான். எந்த இடங்கள் என்பது படிக்கும்போது தெரியும்.)

தமிழ் இலக்கியம் படித்து, அதையே பாடம் சொல்லிப் பிழைப்பவர்கள் நாம். பத்துப்பாட்டில் ஐந்து ஆற்றுப்படை நூல்கள் என்பதை இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதிவருகிறோம். ஆற்றுப்படை என்றால் என்ன? பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வழியில் எதிர்ப்பட்ட இன்னொருவனிடம், எங்கே போனால் யார் சோறு போடுவார், வழியில் என்ன கிடைக்கும் என்று சொல்லும் பேச்சு. வழியில், முன்பின் அறியாதவனிடம், கேட்காமலே தொடங்கிய பேச்சு. அதை 'உலக இலக்கியத்தில் வேறெங்கும் காண இயலாத தனிச்சிறப்பு' என்று மாணவர்கள் எழுதினால் பத்துக்கு எட்டு மதிப்பெண் போடுகிறோம். அதே நாளில் சைதாப்பேட்டையில் ஏறி மாம்பலத்தில் இறங்கும் பார்வையற்ற பாடகர் நம் முன்னே வந்து நின்றால் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொள்கிறோம். அவரைப் பாணர் மரபின் எச்சம் என்றெல்லாம் பூசி மெழுகப் போவதில்லை. அது அவருக்கும் பாணருக்கும் செய்யும் அவமரியாதை. அவர் பாடுவது திரைப்பாட்டு, பெரும்பாலும் சுருதி விலகித்தான் பாடுகிறார். கேள்வி அதுவல்ல. 1989ஆம் ஆண்டின் இரயில்வே சட்டம் 144ஆம் பிரிவில், உரிமமின்றிப் பொருள் விற்பதையும் பிச்சையெடுப்பதையும் ஒன்றாக வைத்துத் தடுக்கிறது. பாடுவது என்ற சொல் அந்தப் பிரிவில் எங்குமில்லை. பாட்டைக் கேட்டு ஒருவர் மனமுவந்து கொடுக்கும் பத்து ரூபாயைச் சன்மானம் என்பதா பிச்சை என்பதா என்ற கேள்விக்குச் சீருடை அணிந்தவர் ஒரு கணத்தில் விடை சொல்லிவிடுகிறார். சபாக்களில் இதே கேள்வி எழுவதில்லை. அங்கே அதற்கு 'நன்கொடையாளர் அனுமதிச் சீட்டு' என்று பெயர்.

நிற்க. கருத்துச் சுதந்திரத்திற்கும் போக்குவரத்துக்கும் என்ன தொடர்பு, வலிந்து முடிச்சுப் போடுகிறீர்களே என்று கேட்கக்கூடும். இந்த நாட்டில் பேச்சுரிமை பற்றிய முதல் பெரிய வழக்கே ஒரு வகையில் போக்குவரத்து வழக்குதான், அதுவும் நம் ஊர் வழக்கு. ரொமேஷ் தாப்பர் பம்பாயிலிருந்து 'கிராஸ் ரோட்ஸ்' என்ற ஆங்கில வார இதழை நடத்திவந்தார். (இதழின் பெயரே நாற்சந்தி என்பதைக் கவனிக்க.) அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்து ஐந்து வாரம்கூட முழுதாக ஆகாத நிலையில், 1950 மார்ச் 1 அன்று, சென்னை மாகாண அரசு அந்த இதழ் மாகாண எல்லைக்குள் நுழையக் கூடாது, புழங்கக் கூடாது என்று ஆணையிட்டது. அரசு சொன்ன காரணம் பொதுப் பாதுகாப்பு. இதழை அச்சிடத் தடையில்லை, பம்பாயில் எவ்வளவு வேண்டுமானாலும் அச்சிடலாம். இங்கே வந்து சேரத்தான் தடை. அந்த ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்த ஆணையை நீக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய பதஞ்சலி சாஸ்திரி சென்னையில் வழக்கறிஞராக இருந்தவர். புழங்குவதற்கான உரிமை இல்லாமல் வெளியிடுவதற்கான உரிமைக்குப் பெரிய பொருள் இல்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். அடுத்த ஆண்டே முதலாவது திருத்தத்தின் வழியாகப் 'பொது ஒழுங்கு' என்ற சொற்றொடரை அரசியல் சட்டத்திற்குள் கொண்டுவந்து அரசாங்கம் தன் காரியத்தைச் சாதித்துக்கொண்டது என்பது வேறு கதை. சொல் என்பது போய்ச் சேர்வது. போய்ச் சேரும் பாதையை அடைத்தவன் சொல்லையே அடைத்தவன் என்பதை நீதிமன்றம் 1950இலேயே ஒப்புக்கொண்டது. அதை ஒப்புக்கொள்ள நம் மாடிக் கூட்டத்திற்குத்தான் இன்னும் மனம் வரவில்லை.

அரசுகளுக்கும் கட்சிகளுக்கும் இது எப்போதும் தெரிந்தே இருந்தது. வண்டியும் நிலையமும் வெறும் இரும்பல்ல, எழுதப்படும் பரப்பு என்பதை இலக்கியவாதிகளுக்கு முன்பாகவே அரசியல்வாதிகள் கண்டுகொண்டார்கள். இரயில் நிலையப் பெயர்ப்பலகைகளின் இந்தி எழுத்துகள்மீது தார் பூசியது ஐம்பதுகளின் திராவிட இயக்கப் போராட்டம். 1953 ஜூலையில் டால்மியாபுரம் நிலையத்திற்குக் கல்லக்குடி என்று பெயர் வைக்கக் கோரி மு. கருணாநிதியும் தோழர்களும் தண்டவாளத்தில் படுத்தார்கள், சிறை சென்றார்கள். சட்டத்தின் கண்ணில் அவர்கள் போக்குவரத்துக்கு இடையூறு செய்தவர்கள். பதினான்கு ஆண்டுகள் கழித்து அவரே பொதுப்பணித் துறையோடு போக்குவரத்தையும் கவனிக்கும் அமைச்சரானார். அரசுப் பேருந்துகளில் திருக்குறள் எழுதப்பட்டது. வள்ளுவரைப் பாடநூலுக்கு வெளியே நாள்தோறும் லட்சக்கணக்கானோர் கண்முன் நிறுத்திய காரியம் அது. எந்தப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறையாலும் ஆகியிருக்காது. மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் எழுத அரசுக்கு உரிமை உண்டு, முன்னிருக்கையின் முதுகில் எழுதப் பயணிக்கு உரிமை இல்லை. 'பயனில சொல்லாமை' அதிகாரத்துக் குறளை மேலே மாட்டிவைத்து, கீழே உட்கார்ந்திருப்பவர்களை வாயைப் பொத்திக்கொண்டு வரச் சொல்வது எளிது. 'சொல்வன்மை' என்று இன்னோர் அதிகாரமும் அதே நூலில்தான் இருக்கிறது.

வண்டியின்மீது எழுதுவது எவ்வளவு கனமான காரியம் என்பதை 1997 நமக்குக் காட்டியது. அதுவரை தமிழகத்துப் பேருந்துகள் பெயர்களோடு ஓடின. சென்னையில் 1972 முதல் பல்லவன். கோவையில் சேரன், கும்பகோணத்தில் சோழன், மதுரையில் பாண்டியன், நெல்லையில் கட்டபொம்மன், விழுப்புரத்தில் தந்தை பெரியார், நெடுந்தொலைவுக்குத் திருவள்ளுவர். சிறுவயதில் ஊர்களை நாம் பேருந்துகளின் பெயரால்தான் அடையாளம் கண்டோம். 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய கழகத்திற்கு வீரன் சுந்தரலிங்கம் என்று பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மன் படையில் போரிட்டு மாண்டவர். கட்டபொம்மன் பெயரெழுதிய வண்டியில் இத்தனை ஆண்டுகள் ஏறி இறங்கியவர்களுக்குச் சுந்தரலிங்கம் பெயரெழுதிய வண்டியில் ஏறக் கால் கூசியது. ஏனென்றால் அவர் பிறந்த சாதி அப்படி. பேருந்துகள் தாக்கப்பட்டன, தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன, உயிர்கள் போயின. அரசு என்ன செய்தது? அந்த ஒரு பெயரைக் காக்க வழி காணாமல், எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் தலைவர்கள் பெயர்களை மொத்தமாக நீக்கியது. பல்லவன் போய் மாநகரப் போக்குவரத்துக் கழகம் வந்தது. இதைச் சமத்துவம் என்று அன்று எழுதியவர்கள் உண்டு. ஒருவன் பேசினால் அடிப்போம் என்று ஒரு கூட்டம் சொன்னால், எல்லோரையும் வாய்மூடச் சொல்லிவிட்டு அமைதி திரும்பிவிட்டது என்று அறிவிப்பது எப்படிச் சமத்துவமாகும்? மிரட்டியவன் வென்றான், அவ்வளவுதான். நூல் ஒன்றை ஒரு சாதிக் கூட்டம் எரிக்கும்போது சரியாகப் புரிகிற இந்தக் கணக்கு, பேருந்தின் நெற்றியிலிருந்து ஒரு பெயர் அழிக்கப்பட்டபோது நமக்குப் புரியவில்லை. அன்று நாம் கல்லூரி மாணவர். விடுதியில் இதைப் பற்றி நண்பர்களோடு விடிய விடியப் பேசிய நினைவு இல்லை. பேசியது வேறு எதையோ.

கடல் கடந்தும் இதே பாடம்தான். இலங்கையில் 1957 முதல் வாகன எண்பலகைகளில் சிங்கள 'ஸ்ரீ' எழுத்து கட்டாயமாக்கப்பட்டது. அடுத்த ஆண்டு தேசியமயமான பேருந்துகள் அந்த எழுத்தோடு வடக்கே வந்தபோது அதன்மேல் தார் பூசப்பட்டது. பதிலுக்குக் கொழும்பில் தமிழ் எழுத்துகள்மேல் தார் ஏறியது. 1958 கலவரத்துக்கு இட்டுச்சென்ற படிகளில் அதுவும் ஒன்று. ஒரே ஓர் எழுத்து. பேருந்தின் முகத்தில்.

இங்கே, பெயர்களைத் துடைத்தெடுத்து இருபத்து மூன்று ஆண்டுகள் கழிந்தபின், 2020இல் சென்னை மெட்ரோ நிலையங்களுக்குத் தலைவர்கள் பெயர்கள் சூட்டப்பட்டன. ஆலந்தூர் அறிஞர் அண்ணா ஆலந்தூர் ஆயிற்று. கோயம்பேடு பேருந்து நிலையத்தை ஒட்டிய மெட்ரோ நிலையம் ஜெயலலிதாவின் பெயரைச் சுமக்கிறது. சென்ட்ரல் அதற்கு முந்தைய ஆண்டே எம்.ஜி.ஆர். பெயரை ஏற்றிருந்தது. ஆக, பெயர் சூட்டக் கூடாது என்பதல்ல கொள்கை. யாருடைய பெயரைச் சூட்டினால் யாரும் கல்லெறிய மாட்டார்களோ அந்தப் பெயரைச் சூட்டலாம் என்பதே கொள்கை.

அரசுக்கு அடுத்தபடியாக வண்டியில் எழுதும் உரிமை பெற்றவர் வணிகர். பேருந்தின் பின்புறம் நகைக்கடைக்கு, பக்கவாட்டு வீட்டுமனைக்கு, உட்புறம் பயிற்சி மையத்திற்கு. காசு கட்டி வாங்கிய உரிமை. காசு கட்டாமல் எழுதுபவர்கள் மூலம், பவுத்திரம் மருத்துவர்களும் 'வீட்டிலிருந்தே மாதம் முப்பதாயிரம்' ஆசாமிகளும். இவர்கள் ஒட்டிய தாளை யாரும் கிழித்து நாம் பார்த்ததில்லை. தொழிற்சங்கத்தின் துண்டறிக்கை ஒட்டியிருந்தால் மட்டும் அடுத்த நடைக்குள் காணாமல் போகிறது. மெட்ரோவில் இந்தச் சிக்கலே இல்லை. முதலில் டெல்லிக்காக 2002இல் இயற்றப்பட்டுப் பின்னர் பிற நகரங்களுக்கும் விரிக்கப்பட்ட மெட்ரோ இரயில் சட்டத்தின் 62ஆம் பிரிவு, மெட்ரோ வளாகத்தின் எந்தப் பகுதியிலும் எவ்வகையான ஆர்ப்பாட்டமும் கூடாது என்கிறது. அனுமதியின்றி எதையும் ஒட்டவும் எழுதவும் வரையவும் கூடாது என்கிறது. ஆர்ப்பாட்டத்தில் கலந்துகொள்பவர் முறையாகச் சீட்டு வாங்கியவரே ஆனாலும் வெளியேற்றலாம். 'எவ்வகையான' என்ற சொல்லின் அகலத்தை உரையாசிரியர் கண்ணோடு பார்க்க வேண்டுகிறோம். வாயில் கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நடைமேடை ஓரமாக நின்றாலும் அதற்குள் அடங்கிவிடும். பொதுப்பணத்தில் கட்டிய நிலையம், பொதுப்பணத்தில் வாங்கிய வண்டி. சுவர் முழுக்க விளம்பரம் பேசும், பொதுமக்கள் பேசக் கூடாது.

பேசினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் சான்று இருக்கிறது. 2018 செப்டம்பர் மாதம் சென்னையிலிருந்து தூத்துக்குடிக்குச் சென்ற விமானம் ஒன்றில், வெளிநாட்டில் ஆய்வு செய்துகொண்டிருந்த மாணவி ஒருவர், மத்தியில் ஆளும் கட்சியின் அன்றைய மாநிலத் தலைவர் அதே விமானத்தில் இருப்பதைக் கண்டு, அந்த ஆட்சிக்கு எதிராக முழக்கமிட்டார். பாசிசம் என்ற ஒரு சொல் அதில் இருந்தது. அந்தச் சொல்லை மேடைகளில் அன்றாடம் கேட்கிறோம், இலக்கிய இதழ்களில் பக்கத்துக்கு இருமுறை படிக்கிறோம். யாரையும் யாரும் கைது செய்வதில்லை. அந்த மாணவி தலைவரின் புகாரின்பேரில் கைது செய்யப்பட்டார், நீதிமன்றக் காவலுக்கு அனுப்பப்பட்டார், மறுநாள் பிணையில் வந்தார். வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருந்தது. 2023 ஆகஸ்டில்தான் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதை இரத்து செய்தது. ஐந்தாண்டுகள்! சொல் பழையது, எல்லோர் வாயிலும் புழங்குவது. சொன்ன இடம்தான் குற்றமாயிற்று. ஆட்சியாளரும் ஆளப்படுபவரும் ஒரே கூரையின்கீழ், நடுவில் மேடையும் தடுப்புக்கட்டையும் இல்லாமல் அமர நேரும் இடம் இந்தக் காலத்தில் வாகனம் ஒன்றுதான். அங்கே முகத்துக்கு நேராகச் சொல்லப்பட்டதே பொறுக்க முடியாமல் போனது.

எதிர்த்தரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதை மறைத்தால் நாம் நேர்மையற்றவர்கள் ஆவோம். கூட்டம் பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், புத்தகம் பிடிக்காவிட்டால் மூடிவைக்கலாம். ஓடும் வண்டியிலிருந்து எங்கே இறங்குவது? கேட்காமலிருக்கும் உரிமை எனக்கு இல்லையா? இது அமெரிக்க நீதிமன்றங்களில் பல காலம் அலசப்பட்ட வாதம். அது அங்கே என்னவாயிற்று என்பது நமக்குப் பயன்படும். வாஷிங்டன் நகரத்து டிராம்களிலும் பேருந்துகளிலும் ஒலிபெருக்கி பொருத்தி வானொலி நிகழ்ச்சிகளை விளம்பரத்தோடு ஒலிக்கவிட்டார்கள். பயணிகள் இருவர் எதிர்த்தார்கள். நீதிபதி ஃபிராங்க்ஃபர்ட்டர், தாமே இதனால் அவதிப்படுபவர், இந்த விஷயத்தில் தம் உணர்ச்சி மிகக் கடுமையானது என்று கூறி வழக்கிலிருந்து விலகிக்கொண்டார். (நீதிபதிகளில் இப்படியும் உண்டு.) நீதிபதி டக்ளஸ், தனித்து விடப்படும் உரிமையே எல்லாச் சுதந்திரத்துக்கும் தொடக்கம் என்ற கருத்துப்பட மாறுபட்டு எழுதினார். ஆனாலும் 1952இல் பயணிகள் தோற்றார்கள், ஒலிபெருக்கி வென்றது. 1974இல் இன்னொரு வழக்கு. ஒஹையோ மாநிலத்தில் ஷேக்கர் ஹைட்ஸ் என்னும் ஊர். நகராட்சியின் வண்டிகளில் தன் தேர்தல் விளம்பரத்தை வைக்க ஒரு வேட்பாளர் இடம் கேட்டார். காசு தரவும் தயார். அரசியல் விளம்பரம் ஏற்பதில்லை என்று மறுத்தார்கள். சிகரெட்டுக்கும் மதுவுக்கும் அதே வண்டிகளில் இடம் கொடுத்திருந்தார்கள். எழுந்துபோக முடியாத பயணியைக் காக்கிறோம் என்ற காரணமும் சேர்ந்து, ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் வேட்பாளர் தோற்றார். இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். பயணி எழுந்துபோக முடியாதவன் என்ற உண்மை, வணிகனின் ஒலிபெருக்கியை நிறுத்தப் பயன்படவில்லை. அரசியல் பேச வந்தவனை நிறுத்தப் பயன்பட்டது. நம் ஊரிலும் அப்படியே. தனியார் பேருந்தின் பாட்டுப்பெட்டி மதுரை தொடங்கி திண்டுக்கல் வரை அலறினாலும் 'கேட்காமலிருக்கும் உரிமை' யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை. பார்வையற்றவர் ஒருவர் வாயைத் திறந்தவுடன் நினைவுக்கு வருகிறது.

இந்த வாதத்தையெல்லாம் நம்மிடம் முன்பு படித்து இப்போது ஆசிரியராக இருக்கும் ஒரு பெண்ணிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பஸ்ல பேச்சுரிமைன்னு சொல்றீங்களே ஐயா, அது யாரோட பேச்சு? காலேஜ் படிக்கும்போது மூணு வருஷம் பஸ்ல நான் கேட்ட பேச்சையெல்லாம் உங்ககிட்ட சொல்லவே முடியாது. அதுக்கும் உரிமை உண்டா?" என்றார். பதில் சொல்லத் தடுமாறினோம். 1998இல் மாணவி ஒருவரின் சாவுக்குப் பிறகுதான் பெண்களைச் சீண்டுவதற்கு எதிரான தனிச் சட்டம் தமிழகத்தில் வந்தது. ஆண்களின் 'சுதந்திரமான' பேச்சால் பெண்கள் வாயடைத்துப்போன வண்டியை ஜனநாயக மன்றம் என்று புகழ்ந்துகொண்டிருக்க நமக்கு என்ன தகுதி? ஒருத்தியைக் குறிவைத்துச் சொல்லப்படும் ஆபாசம் கருத்து அல்ல, அது கைநீட்டுவதன் இன்னொரு வடிவம். இதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் அவர் அதற்குப் பிறகு சொன்னதுதான் முக்கியம். "ஒருநாள் தாங்க முடியாம நான் கத்தினேன். அந்த ஆளை யாரும் ஒண்ணும் சொல்லலை. 'ஏம்மா பஸ்ல இப்படிச் சத்தம் போடறே'ன்னு என்னைத்தான் கேட்டாங்க."

மறுபடியும் அதே சொல்தான். சத்தம்.

அதை நாமும் நேரில் கேட்டோம். 2021 மே முதல் தமிழகத்தின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லை. வீட்டுவேலைக்கும் பூ விற்கவும் போகும் பெண்களின் மாதச் செலவில் ஒரு பகுதி மிஞ்சியதை நாம் அறிந்த குடும்பங்களிலேயே கண்டோம். 2022 செப்டம்பரில் அன்றைய உயர்கல்வித் துறை அமைச்சர் மேடையில் இந்தப் பயணத்தை 'ஓசி' என்றார், கண்டனம் எழுந்தது. அமைச்சரின் வாயில் அது ஒருமுறை வந்த சொல், ஆனால் நடைமுறையில் அது நாள்தோறும் வீசப்படும் சொல். ஒரு நகரப் பேருந்தில், நிறுத்தத்தைத் தாண்டி வெகுதூரம் போய் வண்டி நின்றது. எழுபது வயதிருக்கும் அம்மையார், கூடையை இறக்கியபடி, "ஸ்டாப்புல நிறுத்தினா என்னப்பா, இந்தக் கூடையத் தூக்கிட்டு நான் திரும்பி நடக்கணுமா?" என்றார். நடத்துநர், "ஓசியில வர்றதுக்குப் பேச்சு வேறயா, எறங்கும்மா" என்றார். அம்மையார் படியிலேயே திரும்பினார். "ஓசியா? நான் வாங்குற தீப்பெட்டிக்கு வரி நீயா கட்டுற?"

அன்று நாம் கேட்டவற்றில் ஆகச் சிறந்த அரசியல் வாக்கியம் அது. மறைமுக வரியைப் பற்றிப் பொருளியல் துறை நண்பர்கள் ஒரு பருவம் முழுக்க நடத்தும் பாடம் ஒற்றைக் கேள்வியில் இருந்தது. வண்டிக்குள் என்ன நடந்தது? காதில் கருவி மாட்டியிருந்த இளைஞர் ஒருவர், அதில் ஒன்றைக் கழற்றி, "ஆயா, சத்தம் போடாம எறங்குங்க, டைம் ஆவுது" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். நாம் சன்னல் பக்கம் பார்த்தோம். கட்டணம் வாங்காததை வைத்து வாயையும் சேர்த்து வாங்கிக்கொள்ளும் இந்தப் பேரம் எந்த அரசாணையிலும் இல்லை. நடத்துநரும் பாதிச் சம்பளம் கடனுக்குப் போக, பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி உழைப்பவராக இருக்கலாம். கோபம் அவர்மேல் மட்டுமல்ல. சீட்டு வாங்கியவன் மட்டும்தான் குறை சொல்லலாம் என்ற நம்பிக்கை அந்த வண்டி முழுக்க இருந்தது. சீட்டு வாங்கியிருந்த நாமோ, குறை சொல்லும் உரிமை முழுதும் கையில் இருந்தும், வாய் திறக்கவில்லை.

இனி, கைப்பேசியைக் காதில் வைக்காமல் உள்ளங்கையில் வைத்து உலகத்துக்கே படம் காட்டுபவர்களைப் பற்றி. நண்பர்கள் இதைக் கட்டாயம் எழுப்புவார்கள். அதை நிறுத்தச் சொல்வதில் நமக்கு மறுப்பில்லை. அங்கே பேசுபவர் யாரும் இல்லை, எங்கோ பதிவானது ஓடுகிறது. 'கொஞ்சம் கொறைங்க தம்பி' என்று சொல்லலாம். அவர் குறைப்பார் அல்லது முறைப்பார். அப்படிச் சொல்வதும் ஒரு பேச்சுதானே. பயணிகள் தமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டியதற்கெல்லாம் சட்டப் பிரிவையும் உதவி எண்ணையும் தேடுவதுதான் நமக்கு ஒவ்வாதது. உரக்க அரசியல் பேசும் நால்வரிடம் அதைக்கூடச் சொல்லத் தேவையில்லை. ஐந்தாவது ஆளாகச் சேர்ந்து மறுத்துப் பேசலாம். தாம்பரம் கடற்கரைத் தடத்தில் மின்வண்டி 1931 முதல் ஓடுகிறது; அத்தனை ஆண்டுகளின் வாக்குவாதங்களை யாராவது எழுதிவைத்திருந்தால் நம் உரைநடை வரலாற்றில் ஓர் இயல் கூடியிருக்கும்.

மாடியில் கையெழுத்தான அறிக்கைக்கு வருவோம். இரண்டு நாள் கழித்து ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்து, எழுத்தாளர் என்று வரும் இடத்தில் எழுதுபவரும் பேசுபவரும் பாடுபவரும் என்று மாற்ற முடியுமா, பொதுப் போக்குவரத்து வளாகங்களில் அமைதியான எதிர்ப்புக்கும் துண்டறிக்கைக்கும் உள்ள முழுத்தடையை நீக்கக் கோரி ஒரு வரி சேர்க்கலாமா என்று கேட்டோம். "நல்ல பாயிண்ட் சார், ஆனா அது வேற சப்ஜெக்ட். ட்ரெயின்ல சமோசா விக்கறதையும் பெருமாள்முருகனையும் ஒண்ணாச் சேர்த்தா நம்மள யாரு சீரியஸா எடுத்துப்பாங்க?" என்றார். அறிக்கை அப்படியே வெளியாகிவிட்டது. நம் பெயர் பதினொன்றாவதாக இருக்கிறது. அடுத்த கூட்டம் வரும் மாதம் இரண்டாம் ஞாயிறு, அதே மாடியில். அந்த ஒரு வரியை எழுதி எடுத்துக்கொண்டு போவதாக இருக்கிறோம்.